நடுவில் ஒரு படி

விமானம் ஓட்டத் தெரிந்த ஒருவரால் எந்த விமானத்தையும் ஓட்டிவிட முடியுமா? சாதாரணக் கேள்விதான். முடியாது என்பதும் பறக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பதில்தான். ஆனால் அந்தப் பதிலுக்கு ஏற்ற ஏற்பாட்டைச் செய்துமுடிக்க நம் நாட்டுக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஏன் முடியாது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகப் பேசுவோம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் ஒரு விநாடிக்கு 50 மீட்டர் நகர்கிறது. ஓடுபாதைக்கு இன்னும் 5 கிலோமீட்டர் இருக்கிறது என்றால் விமானியின் கையில் 100 விநாடி இருக்கிறது. அதற்குள் சக்கரங்களை இறக்க வேண்டும், இறக்கையின் ஃப்ளாப்புகளை விரிக்க வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும், குறுக்குக் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், ஓடுபாதையின் நடுக்கோட்டுக்கு நேராக வர வேண்டும். இப்போது அதே இடத்தில் 360 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விமானம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 100 மீட்டர். கையில் இருப்பது 50 விநாடி. செய்ய வேண்டிய வேலை ஒன்றுகூடக் குறையவில்லை, சொல்லப்போனால் கூடியிருக்கிறது. நேரம் மட்டும் பாதியாகிவிட்டது.

மனித மூளைக்கு ஒரு தாமதம் உண்டு. ஏதோ சரியில்லை என்று உணர ஒரு விநாடி, என்ன என்று புரிந்துகொள்ள இன்னொன்று, முடிவெடுத்துக் கையை நகர்த்த மேலும் ஒன்று. மெதுவான விமானத்திலும் வேகமான விமானத்திலும் இந்தத் தாமதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் விமானத்தில் அந்த மூன்று விநாடிக்குள் கடந்துபோவது 150 மீட்டர், இரண்டாவதில் 300. ஆகவே வேகமான விமானத்தில் நடப்பதைப் பார்த்துவிட்டுச் செயல்படலாம் என்று இருந்தால் காலம் கடந்துவிடும். நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிந்து காத்திருக்க வேண்டும். விமானம் எங்கே இருக்கிறதோ அதற்கு ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் முன்னால் விமானியின் மனது இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

வேகம் இரண்டு மடங்கானால் கஷ்டமும் இரண்டு மடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. வேகம் இயற்பியலில் பல இடங்களில் வர்க்கமாகப் பெருகும். விமானத்தை 30 பாகை சாய்த்து ஒரு வட்டம் போடுகிறீர்கள். 200 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வட்டத்தின் ஆரம் சுமார் 550 மீட்டர். 400 கிலோமீட்டர் வேகத்தில் அதே சாய்வில் அது சுமார் 2.2 கிலோமீட்டர், அதாவது நான்கு மடங்கு. பழைய விமானத்தில் எந்தக் குளத்துக்கு மேலே திரும்பினால் ஓடுபாதைக்கு நேராக வந்து சேர்வோமோ, அதே இடத்தில் புதிய விமானத்தில் திரும்பினால் ஓடுபாதையைத் தாண்டிப் போய்விடுவோம். தாண்டிவிட்டோமே என்ற பதற்றத்தில் இன்னும் சாய்த்து, மூக்கைத் தூக்கி இழுத்தால் இறக்கை காற்றின் பிடியை இழக்கும். தரைக்கு அருகில் நடந்த பல விபத்துகளின் வரிசை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. தரையில் இறங்கிய பிறகும் இதே கணக்குதான். இரண்டு மடங்கு வேகத்தில் தரைதொடும் விமானத்தில், எடை ஒன்றே என்றாலும், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. மிக்-21 போன்ற போர் விமானங்கள் இறங்கியதும் வாலிலிருந்து ஒரு பாராசூட்டை விரித்ததற்குக் காரணம் அதுதான்.

வேகத்தோடு சிக்கலும் சேர்ந்தே வரும். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ரைட் ஃபீல்டு என்ற விமானத்தளத்தில், போயிங் நிறுவனத்தின் மாடல் 299 என்ற புதிய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் மேலே எழும்பியது. ஓட்டியவர் மேஜர் பிளாயர் ஹில், அனுபவம் மிக்க சோதனை விமானி. எழும்பிய சிறிது நேரத்தில் விமானம் செங்குத்தாக மூக்கைத் தூக்கி, நிலைகுலைந்து விழுந்தது. ஹில்லும், உடனிருந்த போயிங்கின் தலைமைச் சோதனை விமானி லெஸ்லி டவரும் இறந்தார்கள். விசாரணையில் எந்த இயந்திரக் கோளாறும் தெரியவரவில்லை. தரையில் நிற்கும்போது காற்று அடித்து வால்பகுதி ஆடாமல் இருக்கப் பூட்டிவைக்கும் ஒரு பூட்டு. புறப்படும் முன் அதை விடுவிக்க மறந்துபோனார்கள். அவ்வளவுதான்.

சிறிய விமானத்தில் பத்து வேலை என்றால் மனப்பாடமாகச் செய்துவிடலாம். மாடல் 299இல் வேலைகள் மனப்பாடத்தின் எல்லையைத் தாண்டிவிட்டன. ராணுவ விமானிகள் இன்னும் திறமைசாலி ஒருவரைத் தேடிப் போகவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்க்க வேண்டியவற்றைச் சிறு பட்டியலாக எழுதிவைத்தார்கள். அந்த விமானம்தான் பின்னால் பி-17 என்ற பெயரில் இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் பறந்தது. இன்று உலகத்தில் எந்தக் காக்பிட்டிலும் இருக்கும் செக்லிஸ்ட் அந்த வழியில் வந்தது. திறமையை மட்டும் நம்பியிருக்காமல் ஏற்பாட்டையும் நம்ப வேண்டும் என்று விமானத் துறை கற்ற பெரிய பாடம் அது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மிக்-21 விமானம் 1963இல் இந்திய விமானப் படையில் சேர்ந்தது. ஒலியின் இரண்டு மடங்கு வேகத்தில் போகக்கூடியது. வானத்தின் உயரத்தில் எதிரி விமானத்தைத் துரத்திப் பிடிக்க உருவான விமானம். இளைஞர்களுக்குப் பாடம் சொல்லித்தர உருவானதல்ல. அதன் இறக்கை முக்கோண வடிவிலான டெல்டா இறக்கை, மிக மெல்லியது, சிறியது. அதிவேகத்தில் அது அற்புதமாக வேலை செய்யும். மெதுவாகப் போகும்போது தன்னைத் தாங்கிக்கொள்ளத் திணறும். ஆகவே மிக்-21 தரையிறங்குவதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில்தான்.

இங்கே ஒரு விஷயத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சாதாரண இறக்கை கொண்ட பயிற்சி விமானத்தில், இறங்கும்போது கொஞ்சம் தாழ்ந்துவிட்டோம் என்று தோன்றினால் மூக்கை லேசாகத் தூக்கலாம். விமானம் சற்று மிதக்கும். பழகுநரின் கைக்கு அந்தப் பழக்கம் ஊறிப்போகும். டெல்டா இறக்கையில் குறைந்த வேகத்தில் மூக்கைத் தூக்கினால் காற்றின் எதிர்ப்பு சட்டென்று எகிறும், வேகம் விழும், விமானம் மிதப்பதற்குப் பதில் இன்னும் வேகமாகத் தரையை நோக்கி இறங்கும். அதைத் தடுக்க எஞ்சினின் உந்துவிசையைக் கூட்ட வேண்டும். ஜெட் எஞ்சினோ த்ராட்டிலைத் தள்ளியவுடன் பொங்கி எழாது. முழு விசைக்கு வரச் சில விநாடிகள் எடுத்துக்கொள்ளும். அந்தச் சில விநாடிகள் அந்த உயரத்தில் கிடைக்காமல் போகலாம். முந்தைய விமானத்தில் காப்பாற்றிய பழக்கமே இந்த விமானத்தில் கவிழ்த்துவிடும். புதியதைக் கற்பதோடு பழையதை மறக்கவும் வேண்டும், அதையும் ஒரு விநாடிக்குள் சரியாகச் செய்ய வேண்டும். உயர்வேக விமானத்துக்கு மாறுவதில் இருக்கும் உண்மையான சிரமம் இதுதான்.

ஒரு இளைஞர் இந்த விமானத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்? முதலில் எச்பிடி-32 என்ற ப்ரொப்பெல்லர் விமானம். பிறகு கிரண் ஜெட். நம் நாட்டு எச்ஏஎல் நிறுவனம் தயாரித்த கிரணில் மாணவரும் பயிற்சியாளரும் அருகருகே அமர்வார்கள். சாதுவான விமானம், தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். அங்கிருந்து கடைசியில் போய்ச் சேர்ந்தது அஸ்ஸாமின் தேஜ்பூரில் இருந்த மிக்-21 பயிற்சிப் பிரிவு. அங்கே இரட்டை இருக்கை மிக்-21 இருந்தது உண்மைதான். ஆனால் பின்னிருக்கையில் அமரும் பயிற்சியாளருக்கு முன்பக்கம் சரியாகத் தெரியாது. பிந்தைய வடிவத்தில் அதற்காக ஒரு பெரிஸ்கோப்பே வைக்க வேண்டியிருந்தது. சில முறை இருவராகப் பறந்த பிறகு அந்த இளைஞர் தனியாக ஏறினார். மாடிப்படியில் நடுவில் நாலைந்து படிகள் இல்லாமல், அங்கிருந்து எட்டி ஏறு என்று சொன்னது போல இருந்தது அது. பலர் எட்டி ஏறினார்கள், மிகச் சிறந்த விமானிகளாகவும் ஆனார்கள். ஏற முடியாதவர்களைப் பற்றித்தான் நாம் யோசிக்க வேண்டும்.

விமானப் படைக்கு இது தெரியாமல் இல்லை. விபத்துகளை ஆராய ஏர் மார்ஷல் டெனிஸ் லா ஃபோன்டேன் தலைமையில் அமைந்த குழு 1982இலேயே சொல்லிவிட்டது: கிரணுக்கும் மிக்குக்கும் நடுவில் ஒரு உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் வேண்டும். லா ஃபோன்டேன் பிறகு விமானப் படையின் தலைமைத் தளபதியாகவே ஆனார். ஆனாலும் விமானம் வரவில்லை. எதை வாங்குவது, என்ன விலை, யார் தயாரிப்பது என்று ஆண்டுகள் ஓடின, அரசுகள் மாறின. பிரிட்டனின் ஹாக் விமானத்தை வாங்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2003இல். 66 விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2004இல். கர்நாடகத்தின் பீதரில் அவை முறைப்படி சேவைக்கு வந்தது 2008 பிப்ரவரியில். நடுவில் நம் இளம் விமானிகள் சிலர் வேல்ஸில் உள்ள வேலி விமானத்தளத்துக்குப் போய் ஹாக்கில் பயின்று வந்தார்கள். சிபாரிசு வந்ததிலிருந்து விமானம் வந்தது வரை 26 ஆண்டுகள்.

2012இல் நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி தந்த கணக்கின்படி, 1971-72 முதல் அந்த ஆண்டு ஏப்ரல் வரை மிக் ரக விமானங்கள் 482 விபத்துகளைச் சந்தித்தன; 171 விமானிகள் உயிரிழந்தார்கள். இவை எல்லாமே பயிற்சிக் குறைவால் நடந்தவை அல்ல. எஞ்சின் நின்றது, பறவை மோதியது, உதிரிபாகம் பழுதானது, வயதான விமானம் என்று காரணங்கள் பல. எத்தனை விபத்துகள் அந்த இல்லாத படியால் நடந்தன என்று பிரித்துச் சொல்லிவிட முடியாது. அதனாலேயே அதை ஒதுக்கிவிடவும் கூடாது.

ஹாக் என்ன செய்கிறது? அது மிக்கைவிட மெதுவானதுதான், சமதளப் பறப்பில் ஒலியின் வேகத்தைத் தாண்டாது. ஆனால் போர் விமானத்தில் யோசிக்க வேண்டிய வேகத்தில் யோசிக்கப் பழக்குகிறது. பின்னிருக்கை உயர்த்தி அமைக்கப்பட்டிருப்பதால் பயிற்சியாளருக்கு மாணவரின் தலைக்கு மேலே ஓடுபாதை நன்றாகத் தெரியும். மாணவரைத் தவறு செய்ய விட்டு, அந்தத் தவறு எங்கே கொண்டுபோகிறது என்று அவர் கண்ணாலேயே பார்க்க வைத்து, சரியான நேரத்தில் கைகொடுக்க அவரால் முடியும். தவறு செய்ய இடம் தருவதுதான் நல்ல பயிற்சி விமானத்தின் இலக்கணம். அந்தப் பின்னிருக்கைக்குத் தகுதியானவர்களை உருவாக்கும் விமானப் படையின் பயிற்சியாளர் பள்ளி நம் தாம்பரத்தில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஓட்டத் தெரிவது ஒரு கலை. ஓட்டக் கற்றுத்தருவது வேறு கலை என்று ஒப்புக்கொண்டதன் அடையாளம் அந்தப் பள்ளி.

பயணிகள் விமானத்தில் மட்டும் என்ன, அங்கேயும் பெரிய தாவல்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் பெரும்பகுதியைப் பலர் செஸ்னா 172 போன்ற, ஒரு டன்னுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள விமானத்தில் பறக்கிறார்கள். அடுத்து ஏறுவது 70 டன்னுக்கு மேற்பட்ட ஏர்பஸ் ஏ320. தாவல் பெரிதுதான், ஆனால் நடுவில் படிகள் இருக்கின்றன. இரட்டை எஞ்சின் விமானத்தில் பயிற்சி, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி, பிறகு அசல் காக்பிட்டை அப்படியே ஒத்த சிமுலேட்டரில் எஞ்சின் தீப்பிடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் சந்தித்துப் பார்ப்பது. அதற்குப் பிறகும் பயிற்சி தரும் கேப்டனின் பக்கத்தில் அமர்ந்துதான் நிஜப் பயணம். பெரிய விமானத்துக்கு மாறும் இளைஞர் அங்கே தனியாக இல்லை. மிக்-21இல் ஏறிய இளைஞரோ தனியாகத்தான் போனார்.

ஒரு விமானம் விழுந்தால் விசாரணை அறிக்கையில் விமானியின் தவறு என்று எழுதுவது எளிது. பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். தவறான பொத்தானை அழுத்தியது அவர் கைதான். ஆனால் அந்தக் கைக்குச் சரியானதைப் பழக்க வாய்ப்புத் தந்தோமா என்ற கேள்வியை அந்த வரி மூடிவிடுகிறது. மாடல் 299 விழுந்தபோது மறந்தவரைக் குறைசொல்லி அத்தோடு நிறுத்தியிருந்தால் செக்லிஸ்ட் பிறந்திருக்காது. மிக்-21 ஓய்வுபெற்றுவிட்டது, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் அதற்கு விடைகொடுத்தார்கள். தேஜஸ், ரஃபேல் போர் விமானங்கள் பறக்கும் காலம் இது. அடுத்து வரும் விமானம் இன்னும் வேகமாக, இன்னும் சிக்கலாக இருக்கும். அதை வாங்கும் முடிவை எடுக்கும் அன்றே, அதற்கு முந்தைய படியாக எந்தப் பயிற்சி விமானம் இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எப்போது வரும் என்ற கேள்விக்கும் பதில் கையில் இருக்க வேண்டும். ஒரு நாடு தன் பிள்ளைகளிடம் துணிச்சலைக் கேட்கலாம். படிக்கட்டைக் கட்டித் தந்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.