ஓட்டோ ஓட்டம்: கைக்கு மிஞ்சுவது எவ்வளவு?

காணியை இழந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள், கிடைக்கும் நட்டஈட்டை முற்பணமாகக் கட்டி ஒரு முச்சக்கரவண்டி எடுக்கலாமா என்று யோசிப்பதுண்டு. புசல்லாவையிலிருந்து கம்பளை வழியாகக் கண்டிக்கு இறங்கி, பிக்மீ போன்ற கைத்தொலைபேசிச் செயலியில் ஓடினால் தினமும் காசு பார்க்கலாம் என்பது எண்ணம். உழைப்பு நல்லதே. ஆனால் இறங்குமுன் கணக்கைப் பார்ப்போம்.

செயலியில் கூலியை நிர்ணயிப்பது நிறுவனம். அதில் தன் பங்கைக் கழித்துக்கொள்வதும் நிறுவனமே. வண்டி, பெற்றோல், காப்புறுதி, பழுது யாவும் சாரதியின் பொறுப்பு.

உதாரணமாக, 12 மணித்தியாலம் ஓடி 6,000 ரூபா கிடைத்தது என்று வைப்போம். நிறுவனத்தின் பங்கு 900, பெற்றோல் 1,800, லீசிங் தவணையின் ஒருநாள் பங்கு 1,200, டயர், பழுது, காப்புறுதிக்கு 500. மிஞ்சுவது 1,600 ரூபா; மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 133 ரூபா. உரம், விதை, லொறிக்கூலி கழித்த பின்னர்தானே மரக்கறியின் இலாபம் தெரியும்? இதுவும் அப்படித்தான். மாலையில் ஆளில்லாமல் மலையேறித் திரும்பும் வெறும் ஓட்டத்தையும் சேர்க்க மறக்கக்கூடாது.

இரண்டாவது, பாதுகாப்பு. ஒரு தொழிலாளிக்கு ஊழியர் சேமலாப நிதிக்காக முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்துகின்றனர். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்துகிறார். செயலிச் சாரதி சுயதொழில் செய்பவராகவே கருதப்படுவதால் இவை இல்லை. நோயில் படுத்தால் அன்று வருமானமும் இல்லை. 2022இல் எரிபொருள் நெருக்கடியின்போது கியூஆர் முறையில் முச்சக்கரவண்டிக்கு முதலில் வாரத்துக்கு 5 லீற்றர் மட்டுமே கிடைத்ததை நாம் மறக்கவில்லை.

இந்நிலை மாறாததல்ல. 2021 பெப்ரவரியில் பிரித்தானிய உயர் நீதிமன்றம், ஊபர் சாரதிகள் தொழிலாளர்களே என்றும், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் சம்பள விடுமுறைக்கும் உரியவர்கள் என்றும் தீர்ப்பளித்தது. இந்தியாவில் ராஜஸ்தான் மாநிலம் 2023இல் இத்தகையோருக்கெனச் சட்டம் இயற்றியது. தொழிலாளர் ஒன்றுசேர்ந்து கேட்டதன் பலன் இது.

ஆகவே நாம் செய்யக்கூடியவை:

1. லீசிங் பத்திரத்தில் ஒப்பமிடுமுன், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், தவணை தவறினால் என்ன நடக்கும் என்று எழுத்தில் கேட்போம்.

2. ஏற்கெனவே ஓடும் இருவரிடம் ஒரு மாத வரவு செலவை விசாரிப்போம்.

3. நட்டஈடு முழுவதையும் வண்டியில் போடாமல், மூன்று மாதத் தவணைக்காவது ஒதுக்கி வைப்போம்.

4. ஓடத் தொடங்கினால் தினக்கணக்கு எழுதுவோம். ஏனைய சாரதிகளுடன் சங்கமாகச் சேர்வோம்.

போன காணிக்கு ஈடாக வந்த பணம் இன்னொருமுறை வராது.