டிவி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும்?

கோலார் தங்கவயலின் பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் இடம் குறைவு. டிவியைச் சுவரில் மாட்டினால் தரை மிச்சம். இழுத்துத் திருப்பும் ஸ்டாண்டாக இருந்தால் அடுப்படியில் நிற்பவரும் பார்க்கலாம். ஆனால் வாங்கும்போது டிவியின் அளவைப் பார்க்கிறோமே தவிர, அது திரும்பத் தேவையான இடத்தை யாரும் அளப்பதில்லை.

43 அங்குல டிவியின் அகலம் சுமார் 96 செ.மீ. நடுவில் பிடித்துத் திருப்பினால் ஒரு விளிம்பு சுவரை நோக்கிப் போகும். மறு விளிம்பு அறைக்குள் வரும். ஒவ்வொரு விளிம்பும் இப்படி நகரும் தூரம் 30 டிகிரிக்கு 24 செ.மீ., 45 டிகிரிக்கு 34 செ.மீ., 90 டிகிரிக்கு 48 செ.மீ. வயர் நசுங்காமலிருக்க இன்னும் 5 செ.மீ. கூட்டுங்கள். ஆக, 45 டிகிரி திருப்ப ஸ்டாண்டின் கை ஏறக்குறைய 40 செ.மீ. நீள வேண்டும். அப்போது மறு விளிம்பு சுவரிலிருந்து 74 செ.மீ. தள்ளி நிற்கும். பீரோ கதவும் நடப்பவரின் தோளும் அதில் இடிக்கக் கூடாது. கீழ்நோக்கி 15 டிகிரி சாய்த்தால் அடிவிளிம்பு 7 செ.மீ. பின்னே போகும். சுரங்க ஷாஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் ஆடினாலும் பக்கத்தில் உரசாதபடி இடைவெளி விட்டார்களே, அதே கணக்குதான் இது.

கை நீள நீளச் சுவரின் பாடு கூடும். டிவி 9 கிலோ, மேல் போல்ட்டுக்கும் ஸ்டாண்டின் சுவர்த் தகட்டு அடிவிளிம்புக்கும் இடையே 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுவரிலிருந்து 5 செ.மீ.யில் இருக்கும்போது மேல் போல்ட்டுகளை வெளியே இழுக்கும் விசை சுமார் 2 கிலோ எடைக்குச் சமம், 40 செ.மீ.க்கு இழுத்தால் 18 கிலோ. குழந்தை பிடித்துத் தொங்கினால் கேட்கவே வேண்டாம்.

தங்கவயல் சுவர்களுக்குத் தனிச் சரித்திரமும் உண்டு. 3 கி.மீ. ஆழத்துக்கும் கீழே போன சுரங்கங்களில் பாறை பலமாக வெடித்தபோது மேலே வீடுகள் அதிர்ந்தன, சில விரிசல் விட்டன. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டு நீர் நிரம்பிய பிறகும் சிறு அதிர்வுகள் பதிவாகியிருக்கின்றன. ஆகவே துளையிடும்போது கவனியுங்கள். செங்கல் தூள் சீராக வந்தால் நல்லது. டிரில் திடீரென்று உள்ளே இறங்கினால் அது சாந்துப் பட்டை அல்லது பொந்து. அங்கே போல்ட் நிற்காது, இடத்தை மாற்றுங்கள்.

ஸ்டாண்ட் வாங்கும் முன் டிவி அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, சுவரருகே பிடித்துத் திருப்பிப் பாருங்கள். சுவரில் விரிசல் ஓடினால் நீளும் ஸ்டாண்ட் வேண்டாம். மேசை மேலேயே டிவி இருக்கட்டும்.