பூச்சி மருந்து வாங்கி வர ஆள் அனுப்பும் முன்...

பயிருக்கு மருந்து தெளிக்கும்போது என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்பதைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். காற்று அடிக்கும் திசையைப் பார், கையுறை போடு, முகத்தில் துணி கட்டு என்பதெல்லாம் விவசாயிகளுக்குத் தெரிந்தவைதான். ஆனால் அதே மருந்து கடையிலிருந்து வயலுக்கு வந்து சேரும் வழியிலும் ஆபத்து உண்டு என்பதைப் பெரும்பாலோர் நினைப்பதில்லை. பையனிடம் பணத்தைக் கொடுத்து, "அப்படியே வீட்டுக்கு இரண்டு கிலோ அரிசியும் வாங்கி வா" என்று அனுப்பி விடுகிறோம். மருந்தும் அரிசியும் ஒரே பையில் வருகின்றன.

1958-இல் நடந்தது

இப்படி ஒன்றாக வந்ததால் என்ன நேரும் என்பதற்குக் கேரளத்தில் 1958-ஆம் ஆண்டு நடந்த சம்பவமே சாட்சி. உணவுப் பொருள்களும் பாரத்தியான் என்ற பூச்சி மருந்தும் ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டன. நம் ஊர்களில் 'பாலிடால்' என்று பேர் பெற்ற மருந்து இதுதான். வழியில் மருந்து கசிந்து மாவு மூட்டைகளில் இறங்கியது. அது தெரியாமல் அந்த மாவில் செய்த பண்டங்களைச் சாப்பிட்டவர்களில் நூறு பேருக்கு மேல் இறந்தனர். 1967-இல் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டிலும் லாரியில் மாவோடு வந்த இதே மருந்து கசிந்தது. அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்று குழந்தைகள் உட்படப் பலர் மாண்டனர்.

கேரளச் சம்பவத்துக்குப் பிறகுதான் நம் நாட்டில் 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-இல் அதற்கான விதிகளும் வந்தன. உணவுப் பொருளோ கால்நடைத் தீவனமோ மருந்தோடு சேரும்படி எடுத்துச் செல்லக் கூடாது என்று விதி சொல்கிறது. மருந்தைக் கையாளும் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்றும் சொல்கிறது. அபாயப் பொருள் ஏற்றும் லாரி டிரைவர்கள் தனிப் பயிற்சி பெற வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதி.

ஆகவே தொழிற்சாலையிலிருந்து கடை வரை பயிற்சி பெற்றவர் கையில் மருந்து வர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கடையிலிருந்து நம் வயல் வரை உள்ள கடைசி ஐந்து மைலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியவர் நாம்தான்.

யாரை அனுப்பலாம்?

சிறுவர்களையும் கர்ப்பிணிகளையும் ஒருபோதும் அனுப்பக் கூடாது. குடிப்பழக்கம் உள்ளவரும் வேண்டாம். வழக்கமாகப் போகும் ஒருவரையே பழக்கி வைப்பது நல்லது.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். டப்பாவில் சாய்சதுர வடிவில் ஒரு முத்திரை இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் மிகக் கொடிய விஷம். மஞ்சள் என்றால் கடும் விஷம். நீலம் என்றால் நடுத்தரம். பச்சை என்றால் குறைந்த விஷம். பச்சை என்பதால் விஷமே இல்லை என்று பொருளல்ல. பழைய டப்பாவைக் காட்டி இதை அவருக்கு விளக்கி, அவரையே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

* சீல் உடையாத, கசிவில்லாத டப்பாவாகப் பார்த்து வாங்க வேண்டும். சீட்டு கிழிந்திருந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம்.

* பிராந்திப் பாட்டிலிலும் சோடா பாட்டிலிலும் ஊற்றித் தந்தால் வாங்கவே கூடாது. தண்ணீர் என்று நினைத்துக் குடித்து விடுவார்கள். குறைந்த அளவு போதுமென்றால் சிறிய டப்பாவாகவே கேட்க வேண்டும்.

* பில்லையும், டப்பாவோடு வரும் துண்டுத்தாளையும் மறக்காமல் வாங்க வேண்டும்.

வண்டியில் வரும்போது

மூடி உள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி விடுங்கள். அடியில் மரத்தூளோ காய்ந்த மணலோ போட்டு, டப்பாவை நிமிர்த்தி வைத்து, ஆடாமல் வைக்கோல் திணிக்க வேண்டும். மொபெட்டானால் பின் கேரியரில் இறுக்கிக் கட்ட வேண்டும். ஹேண்டிலில் பையாகத் தொங்க விடக் கூடாது. அரிசி, பருப்பு, தவிடு, பிண்ணாக்கு எதுவும் அதே நடையில் வரக் கூடாது. மளிகைக்கு வேறு நாள் போகட்டும்.

கூட்டம் நிறைந்த பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டு வருவது தவறு. வண்டி இல்லாதவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோ பேசிக் கொள்ளலாம். அதிலும் மருந்துக்குப் பக்கத்தில் ஆள் உட்காரக் கூடாது. வழியில் பீடி, சிகரெட்டும் கூடாது. சில மருந்துகள் எளிதில் தீப்பற்றும்.

சிந்தி விட்டால்

முதலில் ஆட்களையும் ஆடுமாடுகளையும் தள்ளி நிறுத்த வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கழுவினால் மருந்து வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் போகும். காய்ந்த மண்ணையோ மரத்தூளையோ போட்டு உறிஞ்ச விட்டு, கையுறையோடு வாரி, நீர்நிலைக்கு எட்டாத இடத்தில் ஆழமாகப் புதைக்க வேண்டும். மருந்து பட்ட தீவனத்தை மாட்டுக்கு வைக்கக் கூடாது. வாடை போய்விட்டதால் விஷமும் போய்விட்டது என்று நம்பக் கூடாது. சாக்கை அலசி மறுபடி உபயோகிப்பதும் வேண்டாம்.

இதைப் பழக்குவது சுலபம். ஒரு பாட்டில் தண்ணீரைக் களத்தில் கவிழ்த்து, "இது மருந்து என்று வைத்துக்கொள், என்ன செய்வாய்?" என்று கேட்டு, செய்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு முறை செய்தவர் பதற்றத்திலும் மறக்க மாட்டார்.

உடம்பில் பட்டால்

மருந்து வாய் வழியாகத்தான் உள்ளே போகும் என்பதில்லை. தோல் வழியாகவும் இறங்கும். நனைந்த துணியை உடனே கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் குளிக்க வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தலைவலி, மயக்கம், மிகுந்த வியர்வை, எச்சில் ஒழுகல், வாந்தி, பார்வை மங்கல் ஆகியவை விஷத்தின் அறிகுறிகள். தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். தாமாக வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. துண்டுத்தாளை டாக்டரிடம் காட்ட வேண்டும். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் அவர் சரியான மாற்று மருந்து கொடுக்க முடியும்.

வாளிக்கும் மணலுக்கும் ஆகும் செலவு அதிகமில்லை. சொல்லிக் கொடுக்க அரைமணி நேரம் போதும். நமக்காகக் கடைக்குப் போகிற ஆள் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்ற அக்கறை இருந்தால், அடுத்த முறை மருந்து வாங்க அனுப்பும் முன்பே அந்த அரைமணியை ஒதுக்கி விடுங்கள்.