தாத்தா படம் கறுப்பு வெள்ளை... கலர் இங்க் ஏன் காலியாகுது?

பீரோவில் கிடந்த தாத்தா - பாட்டி கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்து, அத்தை வீட்டுக்கு ஒன்று, சித்தப்பா வீட்டுக்கு ஒன்று என்று பத்துப் பிரதி எடுக்கிறீர்கள். படத்தில் பொட்டு நிறம் கிடையாது. முடித்துவிட்டுப் பார்த்தால், கறுப்பு இங்க் அப்படியே இருக்கிறது. சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும்தான் இறங்கியிருக்கின்றன!

பிரிண்டரில் கோளாறு இல்லை. பல வீட்டு பிரிண்டர்களில் கறுப்பு மை ஒரு ரகம், கலர் மை வேறு ரகம். கறுப்பு, 'பிக்மென்ட்'. அதாவது நுண்துகள்கள் மிதக்கும் மை. எழுத்துகள் பளிச்சென்று விழுவதற்கானது. கலர், 'டை' எனப்படும் கரைந்த சாயம். கேனன் ஜி சீரிஸ் டேங்க் மாடல்கள் பலவற்றில் இந்த ஏற்பாடுதான். பளபளப்பான போட்டோ பேப்பரின் பூச்சுக்குள் பிக்மென்ட் இறங்காது. மேலேயே நின்று கையில் ஈஷும். அதனால் 'குளோஸி' என்று பேப்பரைத் தேர்ந்தெடுத்ததுமே பிரிண்டர் கறுப்பை ஓரங்கட்டிவிட்டு, மூன்று கலரையும் கலந்து கறுப்பை உருவாக்குகிறது. இதில் செலவு மட்டுமல்ல பிரச்னை. கலவை கொஞ்சம் பிசகினாலும் பாட்டியின் முகத்தில் பச்சையோ சிவப்போ லேசாக ஓடும்.

எப்சனின் 003 மை போடும் மாடல்களில் நான்குமே டை. அங்கே கறுப்பும் வேலை செய்யும். ஆனாலும், கலர் செட்டிங்கிலேயே விட்டால் சாம்பல் நிறப் பகுதிகளுக்குக் கலர் சேரும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஸ்கேன் செய்த படத்தைக் கவனியுங்கள். பழைய போட்டோ மஞ்சள் பூத்திருக்கும். அந்த மஞ்சளையும் பிரிண்டர் நிறமாகவே எடுத்துக்கொள்ளும். எடிட்டிங் ஆப்பில் அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள். பிறகு, பிரிண்ட் செட்டிங்கில் 'கிரேஸ்கேல்'. ஹெச்.பி மாடல்கள் பலவற்றில் இதற்குள்ளேயே 'பிளாக் இங்க் ஒன்லி' என்று தனியாக இருக்கும். அதுதான் நமக்கு வேண்டியது. பலர் கிரேஸ்கேலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பேப்பர் வகை 'குளோஸி' என்றே இருந்தால், பிக்மென்ட் கறுப்பு உள்ள பிரிண்டர் மறுபடியும் கலரைத்தான் கலக்கும்.

எனவே மேட் பேப்பரோ, தடிமனான சாதாத் தாளோ வாங்கி, செட்டிங்கில் 'பிளெய்ன்' அல்லது 'மேட்' கொடுங்கள். குளோஸி பேப்பரை வைத்துவிட்டு 'பிளெய்ன்' என்று பிரிண்டரை ஏமாற்றும் யோசனை மட்டும் வேண்டாம். மை காயாமல் பேப்பரும் வீண், படமும் வீண். மொபைலிலிருந்து அனுப்பினால் இந்த ஆப்ஷன்கள் எல்லாம் தெரியாமல் போகலாம்; கம்ப்யூட்டரே நல்லது.

கறுப்பு மையை மட்டும் வைத்து அடிக்கும்போது ஒரு குறை உண்டு. நெற்றி, கன்னம், வெள்ளை வேட்டி போன்ற வெளிர் இடங்களில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆல்பத்துக்கோ உறவினர்களுக்கோ கொடுக்கும் சிறிய படங்களில் இது உறுத்தாது. ஹாலில் மாட்டும் பெரிய படத்துக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்டூடியோவில் கொடுத்துவிடுவேன் நான். சாம்பல் மைக்கென்றே தனி டேங்க் உள்ள கேனன் ஜி570 போன்ற மாடல் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே முயலலாம்.

'பார்டர்லெஸ்' ஆப்ஷனையும் அணைத்துவிடுங்கள். ஓரம் வரை நிரப்புவதற்காகப் பேப்பருக்கு வெளியேயும் மை தெளிக்கும் வேலை அது. அதற்காகக் கலரை மாதக்கணக்கில் தொடாமலும் இருக்காதீர்கள். ஹெட்டில் மை காய்ந்துவிட்டால், கிளீனிங் போடும்போது மிச்சம் பிடித்த மையெல்லாம் அதிலேயே போய்விடும். வாரம் ஒருமுறை ஒரு 'நாஸில் செக்' தாள் போதும்.