பாலைவனம் நகர்கிறதா?

சகாரா பாலைவனத்தின் தெற்கே, ஆப்பிரிக்காவின் குறுக்கே ஒரு பட்டைபோல் கிடக்கும் புல்வெளிக்குச் சாகேல் என்று பெயர். 1958-ஆம் ஆண்டின் தாவர வரைபடத்தையும் 1975-இல் தாம் கண்ட நிலையையும் ஒப்பிட்ட ஹியூ லாம்ப்ரே என்னும் அறிஞர், சூடான் நாட்டில் பாலை 90 முதல் 100 கி.மீ. வரை தெற்கே முன்னேறிவிட்டது என்றார். ஆடுமாடு மேய்ப்பவர்கள்மீது பலரும் பழி சுமத்தினர்.

ஆனால், ஐப்பசியில் ஒருநாளும் சித்திரையில் ஒருநாளும் ஏரியைப் பார்த்துவிட்டு, 'ஏரி அழிகிறது' என்று சொல்லலாமா? 1950-களில் அங்கு நல்ல மழை. 1968 முதல் 1973 வரை கொடிய வறட்சி! ஆண்டுதோறும் அளந்தால்தான் உண்மை தெரியும். அதைச் செய்தவை செயற்கைக் கோள்களே.

எப்படி அளக்கின்றன?

இலையிலுள்ள பச்சையம் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களையோ இலை பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். வெறும் மணல் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பும். இவ்விரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதே தாவரக் குறியீட்டெண்.

ஓரிடத்திலிருந்து அகச்சிவப்பு 40 பங்கும் சிவப்பு 8 பங்கும் வருவதாக வைத்துக்கொள்வோம். 32-ஐ 48-ஆல் வகுத்தால் 0.67, நல்ல பசுமை! மணலில் 35-உம் 30-உம் எனில் 5-ஐ 65-ஆல் வகுக்க 0.08 மட்டுமே.

இம்முறையில் காம்ப்டன் டக்கர் குழுவினர் 1980 முதல் 1990 வரை வானிலைக் கோள்களின் தகவல்களை ஆராய்ந்தனர். முடிவு 1991-இல் வெளிவந்தது. வறட்சி மிக்க 1984-க்கும் மழை கூடிய 1985-க்கும் இடையே பாலையின் தென் எல்லை 110 கி.மீ. வடக்கே பின்வாங்கியிருந்தது! பாலைப் பரப்பில் 7,24,000 ச.கி.மீ. குறைந்தது. ஆக, எல்லையை முன்னும் பின்னும் நகர்த்தியது பெரும்பாலும் மழையே. அம்மழையின் ஏற்றத்தாழ்வுக்கோ கடல்நீரின் வெப்பநிலை மாற்றங்கள் ஒரு முக்கியக் காரணம் என்று பின்னர் தெரியவந்தது.

குற்றவாளி யார்?

அப்படியானால் மனிதனுக்குப் பங்கே இல்லையா? அதையும் பிரித்தறியலாம். ஓரிடத்தின் பல ஆண்டு மழையளவையும் பசுமையையும் ஒப்பிட வேண்டும். மழை குறைந்து பசுமையும் குறைந்தால் காரணம் வறட்சி. மழை குறையாதபோதும் பசுமை ஆண்டுக்காண்டு குறைந்தால், மண்ணரிப்போ மிகை மேய்ச்சலோ வேறெதுவோ அங்கே வேலை செய்கிறது. நேரில் சென்று மண்ணைப் பார்த்தாக வேண்டும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? மழை பொய்த்ததற்காக மேய்ப்பவரின் ஆடுகளை விரட்டினால் அவர் பிழைப்புத்தான் போகும், புல் முளைக்காது. மண்ணே அரித்துப் போன இடத்திலோ மழை மட்டும் வந்து பயனில்லை. நோய் அறிந்தல்லவா மருந்து தரவேண்டும்!