உங்களுக்குத் தெரியுமா? காசநோய் மருந்தும் கினிப் பன்றியும்

திருவாதவூரில் ஒருவருக்குச் சாதாரண நுரையீரல் காசநோய் என்று தெரிந்தால், இன்று ஆறு மாதம் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம். இந்த நிலைக்கு வந்த பாதை கினிப் பன்றியின் கூண்டிலிருந்து தொடங்குகிறது.

மிகச் சில காசக்கிருமிகள் போதும், கினிப் பன்றி நோயில் விழுந்துவிடும். அதனால்தான் 1944இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபெல்ட்மன், ஹின்ஷா என்ற ஆராய்ச்சியாளர்கள், முந்தைய ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தை நோயேற்றிய கினிப் பன்றிகளுக்கு முதலில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். பிறகு உடலைத் திறந்து நுரையீரல், கல்லீரல், மண்ணீரலை ஒப்பிட்டார்கள். ஊசி போடாதவற்றில் நோய் எங்கும் பரவியிருந்தது. போட்டவற்றில் வெகுவாக அடங்கியிருந்தது. மனிதருக்குக் கொடுக்கும் துணிச்சல் அதன்பிறகே வந்தது.

சென்னையின் பங்கு இன்னும் பெருமைக்குரியது. 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினரைச் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையிலும் மற்றொரு பிரிவினரை அவர்கள் வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு. ஆனாலும் வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு தேறினார்கள். 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றியது.

தென்னிந்திய நோயாளிகளின் கிருமிகளை ஆராய்ச்சியாளர் டெனிஸ் மிச்சிசன் குழுவினர் கினிப் பன்றிகளில் சோதித்தபோது ஒரு வியப்பு: பிரிட்டன் கிருமிகளைவிட அவற்றில் பல வீரியம் குறைந்தவை! வீட்டுச் சிகிச்சையைச் சோதித்த, சேத்துப்பட்டில் உள்ள அந்தச் சென்னை மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.