நாணயச்சாலைக் கருவிகள் சேகரிப்பு

நாணயச்சாலைக் கருவிகள் சேகரிப்பு என்பது, நாணயங்களை அடிக்கப் பயன்பட்ட அச்சுகள், மூல அச்சுகள், விளிம்பு வளையங்கள், எடைக்கற்கள், எந்திரங்கள் முதலியவற்றைத் தேடிச் சேர்ப்பதாகும். இது நாணயவியலின் ஒரு சிறு கிளை. நாணயங்கள் புழக்கத்திற்காகவே ஏராளமாக வெளிவருபவை. அச்சுகளோ தேய்ந்ததும் அழிக்கப்படுபவை. இவற்றின் அருமைக்கு முதற்காரணம் இதுவே.

அச்சு என்பது கடினமாக்கப்பட்ட எஃகுத் தண்டு. அதன் முகத்தில் நாணயத்தின் உருவம் இடவலம் மாறிக் குழிவாக இருக்கும். மூல அச்சில் அதே உருவம் நாணயத்தில் உள்ளபடியே புடைத்திருக்கும். அதை எஃகில் அழுத்தியே அச்சுகள் செய்யப்படுகின்றன. அச்சில் விழும் மெல்லிய விரிசல், அதன்பின் அடிக்கப்படும் நாணயங்களில் புடைத்த கோடாகத் தெரியும். எனவே ஓர் அச்சு கிடைத்தால், அதில் பிறந்த நாணயங்களை அடையாளம் காண இயலும்.

அழிக்கப்படாத அச்சுகள்

அழிக்கப்படாத அச்சு யார் கையில் இருந்தாலும் நாணயம் அடிக்கும். பிலடெல்பியா நாணயச்சாலையிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பழைய இரும்பாக வெளியேறிய அச்சுகள் இதற்குச் சான்று. 1803ஆம் ஆண்டின் அச்சு ஒன்றில் ஆண்டு 1804 எனத் திருத்தப்பட்டது; அதனுடன் 1820ஆம் ஆண்டின் பின்புற அச்சு இணைக்கப்பட்டு, 1860ஆம் ஆண்டையொட்டி ஒரு சென்ட் நாணயங்கள் அடிக்கப்பட்டன. 1804ஆம் ஆண்டின் அசல் சென்ட் எளிதில் கிடைக்காதது என்பதே இதற்குத் தூண்டுதல். ஆனால் பின்புற வடிவம் 1804இல் வழக்கில் இல்லாதது. கூர்ந்து பார்ப்பவர் ஏமாற வேண்டியதில்லை. புகழ்பெற்ற சேகரிப்பாளர் ஜோசப் மிக்லி 1878இல் இறந்தபின் அவரது சேகரிப்பு ஏலத்திற்கு வந்தது. அதிலிருந்த அச்சுகளை அமெரிக்க அரசு கைப்பற்றியது. பிற்காலத்தில் அமெரிக்க நாணயச்சாலையே பழைய அச்சுகளை விற்றபோதும், முகத்தைச் சிதைத்த பிறகே விற்றது.

கார்சன் சிட்டி

நெவாடா மாநிலத்தின் கார்சன் சிட்டி நாணயச்சாலை 1870 முதல் 1893 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, நாணயம் அடித்தது. அச்சுகள் பிலடெல்பியாவில் செய்யப்பட்டு அங்கு அனுப்பப்பட்டன. பயன் முடிந்தவற்றின் முகத்தில் உளியால் பெருக்கல் குறி வெட்டிப் புதைத்துவிட்டனர். அக்கட்டிடம் 1941 முதல் நெவாடா மாநில அருங்காட்சியகமாக உள்ளது. 1999இல் அதன் வளாகத்தில் நிலத்தைத் தோண்டியபோது, துருவேறிய அச்சுகள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. பலவற்றில் உருவம் அரித்துப்போயிருந்தாலும், எந்த நாணயத்திற்கு உரியவை என்று சிலவற்றைப் பொருத்திப் பார்க்க முடிந்தது.

இங்குள்ள முதலாம் எண் எந்திரம் பிலடெல்பியாவின் மார்கன் அண்ட் ஓர் நிறுவனம் செய்தது. எடை ஏறத்தாழ ஆறு டன். பிற நாணயச்சாலைகளிலும் உழைத்து மீண்ட இவ்வெந்திரம், நாடு தழுவிய சில்லறைத் தட்டுப்பாட்டின்போது 1964இல் டென்வர் நாணயச்சாலைக்கு இரவலாகச் சென்றது. இன்றும் அருங்காட்சியகத்தில் நினைவுப் பதக்கங்கள் அதிலேயே அடிக்கப்படுகின்றன.